பந்தையும் பாடப்புத்தகத்தையும் விடாத ஜானி பிரைட்

கனடாவின் எட்மண்டன் நகரில் ஜானி பிரைட் பள்ளி என்று ஒரு பள்ளி இருக்கிறது. 2010-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள டிரேக் பல்கலைக்கழகத்தில் ஜானி பிரைட் திடல் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு அந்தத் திடலுக்கு இந்தப் பெயர் சூட்டப்பட்டது. ஒரு நாடு அவர் பெயரைப் பள்ளிக்கு வைத்தது. இன்னொரு நாடு விளையாட்டுத் திடலுக்கு வைத்தது. இரண்டும் பொருத்தமானவைதாம். ஏனென்றால் ஜானி பிரைட் தம் வாழ்நாளில் வகுப்பறை, திடல் இரண்டையும் விட்டுக்கொடுக்காதவர்.

ஆனால் அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அவருடைய தாடை உடைந்த நாள் அது. அந்த அடியைக் காட்டும் புகைப்படங்கள் அமெரிக்காவின் புகழ்பெற்ற புலிட்சர் பரிசைப் பெற்றவை. அந்தப் படங்களைப் பற்றிப் படிக்கும்போதுதான் நானும் அவருடைய பெயரை முதலில் அறிந்தேன். அடிபட்ட பிறகு அந்த மனிதர் என்ன ஆனார் என்று தேடிப் படித்தபோது, படங்களைவிட அவருடைய பிற்கால வாழ்க்கைதான் என்னைக் கவர்ந்தது. கல்வியியல் படிக்கும் மாணவன் என்பதால் அந்தக் கவர்ச்சி கொஞ்சம் கூடுதலாகவே இருக்கலாம்.

இது எந்தக் கால்பந்து?

முதலில் ஒரு சிறு விளக்கம். நாம் வார இறுதியில் தொலைக்காட்சியில் பார்க்கும் கால்பந்து வேறு; பிரைட் ஆடிய கனடியக் கால்பந்து வேறு. நம் பள்ளிகளில் ஆடப்படும் ரக்பியை நினைத்துக்கொண்டால் ஓரளவு பிடிபடும். நீள்வட்டப் பந்து, கையில் பிடித்து ஓடலாம், எறியலாம், எதிரணியினர் ஓடுபவரை இழுத்து வீழ்த்துவார்கள். அமெரிக்கக் கால்பந்தின் நெருங்கிய உறவினர் என்றாலும், சில விதிகளில் கனடிய ஆட்டம் வேறுபடுகிறது. அமெரிக்காவில் ஓர் அணிக்கு 11 பேர். கனடாவில் 12 பேர். அமெரிக்கத் திடல் 100 கஜம். கனடியத் திடல் 110 கஜம், அகலமும் அதிகம். 10 கஜம் முன்னேற அமெரிக்காவில் நான்கு வாய்ப்புகள், கனடாவில் மூன்றுதான்.

இந்த ஆட்டத்தில் ரன்னிங் பேக் எனப்படுபவரின் வேலை, பந்தை வாங்கிக்கொண்டு எதிரணித் தடுப்பை உடைத்து ஓடுவது. கேட்க எளிமையாக இருக்கும். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பலர் நம்மைத் தரையில் சாய்ப்பதற்கென்றே எதிரே நிற்கும்போது ஓடிப் பார்த்தால்தான் அதன் கடினம் தெரியும். ஒவ்வோர் ஓட்டமும் கஜக் கணக்கில் அளக்கப்படும். ரன்னிங் பேக்கின் பெருமையே அந்தக் கஜங்கள்தாம்.

உழைப்பாளிகள் வாழ்ந்த பகுதியிலிருந்து

ஜானி டீ பிரைட் 1930 ஜூன் 11-ஆம் நாள் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், ஃபோர்ட் வேய்ன் நகரில் பிறந்தார். ஐந்து சகோதரர்களில் இரண்டாமவர். கறுப்பினத் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த பகுதியில், தாயும் மாற்றாந்தந்தையும் அவரை வளர்த்தார்கள். பள்ளியில் கால்பந்து, கூடைப்பந்து, ஓட்டப்பந்தயம் மூன்றிலும் சிறந்து விளங்கினார். மென்பந்திலும் பந்து வீசுவதில் கெட்டிக்காரர்.

1947-இல் பள்ளிப் படிப்பை முடித்தவருக்குக் கால்பந்து உபகாரச் சம்பளத்துடன் மிச்சிகன் ஸ்டேட்டில் இடம் கிடைத்தது. அங்கே அவருக்குப் பிடிக்கவில்லை. அயோவா மாநிலத் தலைநகரான டி மொய்ன் நகரின் டிரேக் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். டிரேக் அவருக்குக் கொடுத்தது கால்பந்துக்கான உபகாரச் சம்பளம் அல்ல; ஓட்டப்பந்தயத்துக்கானது. கால்பந்து அணியிலும் கூடைப்பந்து அணியிலும் சேர முயன்று பார்க்கலாம் என்ற அனுமதி மட்டும் இருந்தது. அந்த அனுமதி போதுமானதாக இருந்தது.

1949-இல், இரண்டாம் ஆண்டு மாணவராக இருக்கும்போது, ஓடி 975 கஜமும் பந்தை எறிந்து 975 கஜமும் சேர்த்தார். நாடு முழுவதும் உள்ள பல்கலைக்கழக ஆட்டக்காரர்களில் மொத்தத் தாக்குதல் கணக்கில் அவரே முதலிடம். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை. மறு ஆண்டு அவருடைய கணக்கு 2,400 கஜமாக உயர்ந்து தேசியச் சாதனை ஆனது. 1951-இல் கடைசி ஆண்டு. நாட்டின் சிறந்த பல்கலைக்கழக ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது அவருக்குக் கிடைக்கக்கூடும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். டிரேக் அணி அந்தப் பருவத்தின் முதல் ஐந்து ஆட்டங்களிலும் வென்றிருந்தது.

ஆறாவது ஆட்டம், ஓக்லஹோமா மாநிலத்தின் ஸ்டில்வாட்டர் நகரில்.

1951 அக்டோபர் 20

அன்றைய அமெரிக்காவைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954-இல்தான். பிரைட் ஆடச் சென்ற ஓக்லஹோமா ஏ அண்டு எம் கல்லூரி, கறுப்பின மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. நாடறிந்த ஒரு கறுப்பின வீரர் அந்தத் திடலில் ஆடுவது ஊரில் பெரும் பேச்சாக இருந்தது. பிரைட் ஆட்டத்தின் முடிவுவரை களத்தில் இருக்கமாட்டார் என்று மாணவர்கள் வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகைகளிலும் அந்தப் பேச்சு வந்தது.

டி மொய்ன் ரெஜிஸ்டர் நாளிதழின் புகைப்படக் கலைஞர்களான ஜான் ராபின்சன், டான் அல்டாங் இருவரின் காதுக்கும் அந்தப் பேச்சு எட்டியிருந்தது. அவர்கள் கேமராவைப் பந்தின் மீது அல்ல, பிரைட் மீது திருப்பி வைத்தார்கள். மறுநாள் பத்திரிகைக்குப் படங்களைக் கழுவி அனுப்ப வேண்டும் என்பதால், முதல் கால் பகுதி ஆட்டம் மட்டுமே பார்த்துவிட்டுக் கிளம்புவது அவர்கள் திட்டம். நடக்க வேண்டியது அதற்குள்ளாகவே நடந்துவிட்டது.

ஆட்டம் தொடங்கியதும் பிரைட் பந்தை வாங்கி சக ஆட்டக்காரரிடம் கொடுத்தார். பந்து வேறு பக்கம் போய்விட்டது. எல்லாரும் பந்தின் பின்னால் ஓடினார்கள். பிரைட் பின்னால் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எதிரணியின் தடுப்பாட்டக்காரர் வில்பேங்க்ஸ் ஸ்மித் மட்டும் பந்தைப் பார்க்கவில்லை. நேராக பிரைட்டை நோக்கி வந்து, முன்கையாலும் முழங்கையாலும் அவர் தாடையில் இடித்தார். அந்தக் காலத்துத் தலைக்கவசத்தில் முகத்துக்கு மறைப்பு கிடையாது. பிரைட் நினைவிழந்து விழுந்தார்.

ஆட்டத்தின் முதல் ஏழு நிமிடங்களுக்குள் அவர் மூன்று முறை நினைவிழந்தார். தாடை எலும்பு உடைந்தது. இதற்கிடையில் நடந்த ஒன்றைப் படித்தபோது என்னால் நம்ப முடியவில்லை. தாடையில் அடி வாங்கிய பிறகு எழுந்து நின்று, சில நகர்வுகளிலேயே சக வீரர் ஜிம் பில்கிங்டனுக்கு 61 கஜத் தூரம் பந்தை எறிந்து டச்டவுன் எடுக்க வைத்தார் பிரைட். அதற்குப் பிறகும் அடி தொடரவே, அவரால் ஆட முடியாமல் போனது. பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகள் ஆடியதில், ஓர் ஆட்டத்தில் அவர் 100 கஜத்துக்கும் குறைவாக எடுத்தது அன்றுதான். டிரேக் 14-27 என்று தோற்றது.

படங்கள் பேசின

ஆறு படங்கள் கொண்ட வரிசை மறுநாள் பத்திரிகையில் வந்தது. பந்து எங்கே இருக்கிறது, பிரைட் எங்கே நிற்கிறார், ஸ்மித் எங்கிருந்து வருகிறார் என்று ஒவ்வொரு கணமும் தெளிவாகத் தெரிந்தது. பிறகு லைஃப் இதழும் அவற்றை வெளியிட்டது. ஆட்ட வேகத்தில் தற்செயலாகப் பட்டது என்று சொல்ல வழியே இல்லை. 1952-இல் ராபின்சனும் அல்டாங்கும் புலிட்சர் பரிசு பெற்றார்கள்.

இன வெறுப்பு காரணமல்ல என்று ஸ்மித் பிற்காலத்தில் மறுத்துவந்தார். பிரைட்டின் கருத்து வேறு. இனக் காரணம் இல்லாமல் அப்படி நடந்திருக்க வாய்ப்பே இல்லை என்று கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் கழித்தும் அவர் தெளிவாகச் சொன்னார்.

இந்த இடத்தில் டிரேக் பல்கலைக்கழகம் செய்ததைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். ஓக்லஹோமா கல்லூரி ஸ்மித் மீது நடவடிக்கை எடுக்கவில்லை. இரு அணிகளும் இடம்பெற்றிருந்த மிசூரி வேலி விளையாட்டுக் கூட்டமைப்பும் எடுக்கவில்லை. டிரேக் என்ன செய்தது? கூட்டமைப்பிலிருந்தே விலகியது. கூட்டமைப்பை விட்டால் ஆட்ட அட்டவணை, வருமானம், போட்டி வாய்ப்பு எல்லாம் பாதிக்கப்படும். ஒரு மாணவருக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காக அந்த இழப்பை ஏற்றுக்கொண்டது. பிராட்லி பல்கலைக்கழகமும் டிரேக்குக்கு ஆதரவாக விலகியது. டிரேக்கின் கால்பந்து அணி அந்தக் கூட்டமைப்புக்குத் திரும்ப 1971 வரை ஆனது. இருபது ஆண்டுகள்!

தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பும் அசைந்து கொடுத்தது. பந்து இல்லாதவரைத் தாக்குவது பற்றிய விதிகளும், முகத்தைக் காக்கும் தலைக்கவசம் பற்றிய விதிகளும் கடுமையாயின. தம் தாடை உடைந்ததால் கல்லூரி விளையாட்டு கொஞ்சம் சுத்தமானது என்பதில் பிரைட்டுக்குப் பிற்காலத்தில் ஒரு திருப்தி இருந்தது.

அவருடைய அந்தப் பருவம் மட்டும் திரும்பி வரவில்லை. கடைசி மூன்று ஆட்டங்களில் பெரும்பகுதியை அவர் ஆடவில்லை. அப்படியிருந்தும் அந்தப் பருவத்தில் டிரேக் எடுத்த புள்ளிகளில் எழுபது விழுக்காடு அவருடையவை. ஹைஸ்மன் வாக்கெடுப்பில் ஐந்தாம் இடம் கிடைத்தது. 1952-இல் கல்வியியலில் இளங்கலைப் பட்டமும் கிடைத்தது. அந்த நேரத்தில் யாரும் பெரிதாகப் பேசாத அந்தப் பட்டம்தான் பின்னால் அவருடைய வாழ்க்கையைத் தாங்கப் போகிறது.

வடக்கு நோக்கி

1952-இல் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கின் வீரர் தேர்வில், பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி பிரைட்டை முதல் சுற்றிலேயே எடுத்தது. ஒட்டுமொத்தத் தேர்வில் ஐந்தாவது இடம். ஒரு தொழிலாளர் குடும்பத்துப் பையனுக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு என்ன இருக்கிறது? அவர் போகவில்லை. போயிருந்தால் ஈகிள்ஸ் அணியின் முதல் கறுப்பின ஆட்டக்காரர் அவராகத்தான் இருந்திருப்பார். அந்த லீக்கில் தென்மாநிலங்களிலிருந்து வரும் வீரர்கள் நிறைய பேர். அவர்கள் தம்மை எப்படி நடத்துவார்கள் என்ற யோசனை அவருக்கு இருந்தது. ஸ்டில்வாட்டரில் நடந்தது முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை.

கனடாவின் கல்கரி ஸ்டாம்பீடர்ஸ் அணி அழைத்தது. பிரைட் அங்கே போனார். கனடா இனப் பாகுபாடே இல்லாத நாடு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 1946-லேயே ஹெர்ப் டிராவிக் என்ற கறுப்பின வீரர் மாண்ட்ரியால் அணிக்காக ஆடத் தொடங்கியிருந்தார். வழி ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

சிலர் இதை ஓடி ஒளிந்தது என்று நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. எந்த இடத்தில் நம் உழைப்புக்கு நியாயமான வாய்ப்பு கிடைக்குமோ அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு துணிவுதான். முதல் ஆண்டிலேயே 815 கஜம் ஓடி, மேற்குக் கனடா லீக்கின் முதல் ஓட்டக்காரர் ஆனார். பிறகு காயங்கள் தொல்லை கொடுத்தன. 1954-இல் கல்கரி அவரை எட்மண்டன் எஸ்கிமோஸ் அணிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது. அந்த அணியின் இன்றைய பெயர் எட்மண்டன் எல்க்ஸ். கல்கரிக்கு அது பெரிய நஷ்டம் என்பது சீக்கிரமே தெரிந்தது.

மூன்று பேர், ஒரே அணி

எட்மண்டனில் பிரைட்டுடன் பந்தைச் சுமந்து ஓடிய இருவரைப் பற்றி நம் நாட்டு வாசகர்கள் அறிந்தால் மகிழ்வார்கள்.

ஒருவர் நார்மி குவாங். கல்கரியில் மளிகைக் கடை நடத்திய சீனக் குடியேறிகளின் மகன். அவர் பிறந்தது 1929-இல். அப்போது சீனர்கள் கனடாவுக்குள் குடியேறுவதையே ஏறக்குறைய முற்றிலும் தடுத்த ஒரு சட்டம் நடப்பில் இருந்தது. 1947-இல்தான் அது நீக்கப்பட்டது. அப்படிப்பட்ட நாட்டில் தொழில்முறைக் கால்பந்து ஆடிய முதல் சீனக் கனடியர் அவர். பிற்காலத்தில் ஆல்பர்ட்டா மாகாணத்தின் துணைநிலை ஆளுநராகவும் ஆனார். இன்னொருவர் ஜாக்கி பார்க்கர். அமெரிக்கத் தென்மாநிலமான டென்னசியில் பிறந்த வெள்ளையர். அவர் படித்த மிசிசிப்பி ஸ்டேட் கல்லூரியில் அந்தக் காலத்தில் கறுப்பின மாணவர் ஒருவருக்குக்கூட இடமில்லை.

எந்தத் தென்மாநில வீரர்களோடு ஆடத் தயங்கி பிரைட் வடக்கே வந்தாரோ, அதே தென்பகுதியிலிருந்து வந்த ஒருவர், ஒரு சீனக் கடைக்காரரின் மகன், பிரைட் ஆகிய மூவரும் தோளோடு தோள் நின்று ஆடினார்கள். 1954, 1955, 1956 ஆகிய மூன்று ஆண்டுகளும் எட்மண்டன் அணியே கனடிய வெற்றியாளருக்கான கிரே கிண்ணத்தை வென்றது. மூன்று முறையும் எதிரணி மாண்ட்ரியால் அலுவெட்ஸ்.

1954 இறுதியாட்டத்தில் எட்மண்டன் தோற்கும் நிலையில் இருந்தது. கடைசி நிமிடங்களில் எதிரணி தவறவிட்ட பந்தைப் பார்க்கர் எடுத்துக்கொண்டு 90 கஜம் ஓடினார். 26-25 என்று வென்றார்கள். 1956-இல் அப்படிப்பட்ட பதற்றமே இல்லை. 50-27 என்று மாண்ட்ரியாலை நொறுக்கினார்கள். அந்த ஆட்டத்தில் பிரைட் இரண்டு டச்டவுன் எடுத்து, 171 கஜம் ஓடினார்.

எட்மண்டனில் முதல் சில ஆண்டுகள் அவரைப் பெரும்பாலும் தடுப்பாட்டத்தில் பயன்படுத்தினார்கள். அதாவது மற்றவர்களை வீழ்த்துகிற வேலை. 1957 முதல் பந்தைச் சுமக்கும் வேலை முழுமையாக அவரிடம் வந்தது. அதற்குப் பிறகு அவரை நிறுத்த ஆளில்லை. 1957-இல் 1,679 கஜம். 1958-இல் 1,722 கஜம். 1959-இல் 1,340 கஜம். தொடர்ந்து ஐந்து பருவங்கள் ஆயிரம் கஜத்தைக் கடந்தார். 1959-இல் கனடாவின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஷென்லி விருது அவருக்குக் கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பின வீரர் அவர்தான்.

1964-இல் ஓய்வு பெற்றபோது அவருடைய மொத்தக் கணக்கு 10,909 கஜம். கனடிய லீக்கில் அதுவரை யாரும் அவ்வளவு ஓடியதில்லை. ஏறக்குறைய 10 கிலோமீட்டர். நாம் பூங்காவில் 10 கிலோமீட்டர் ஓடுவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. அவர் ஓடிய ஒவ்வொரு கஜத்திலும் யாரோ ஒருவர் அவரைக் கீழே தள்ள முயன்றுகொண்டிருந்தார். அந்தத் தூரத்தை அவர் 1,969 ஓட்டங்களில் கடந்தார். ஓர் ஓட்டத்துக்குச் சராசரியாக ஐந்தரை கஜம். கனடிய விதிப்படி 10 கஜம் முன்னேற மூன்று வாய்ப்பு என்று பார்த்தோம். பிரைட் கையில் இரண்டு முறை பந்தைக் கொடுத்தாலே வேலை முடிந்துவிடும்!

பின்னாளில் ஜார்ஜ் ரீடும் மைக் பிரிங்கிலும் அவருடைய கணக்கைத் தாண்டினார்கள். சாதனைகள் முறியடிக்கப்படுவதற்கே உள்ளவை.

சம்பளம் கொஞ்சம், பட்டம் பக்கத்தில்

இன்றைய விளையாட்டு நட்சத்திரங்களின் கோடிகளை வைத்து அந்தக் காலத்தை எடைபோடக் கூடாது. 1950-களில் கனடியக் கால்பந்து வீரர்களில் பலர் இன்னொரு வேலையும் பார்த்தார்கள். கால்பந்துச் சம்பளத்தை மட்டும் நம்பி வாழ்நாளை ஓட்ட முடியாது. பருவம் நவம்பரில் முடிந்தால் மிச்ச மாதங்களுக்கு என்ன வழி?

பிரைட்டிடம் கல்வியியல் பட்டம் இருந்தது. 1957-இல் குடும்பத்துடன் எட்மண்டனில் குடியேறி ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தார். அந்த ஆண்டுதான் அவர் 1,679 கஜம் ஓடிய ஆண்டு என்பதைக் கவனியுங்கள். நாட்டின் முதல்நிலை ஓட்டக்காரரும் ஒரு புது ஆசிரியரும் ஒரே ஆள்! வார நாள்களில் வகுப்பறையில் நின்றவரை வார இறுதியில் ஆயிரக்கணக்கானோர் திடலில் பார்த்தார்கள்.

அமெரிக்க அணிகள் பலமுறை அவரைத் திரும்ப அழைத்தன. புகழின் உச்சத்தில் இருந்தார், போயிருக்கலாம். ஆனால் அவருக்குப் பள்ளி இருந்தது, குடும்பம் இருந்தது, தம்மை ஏற்றுக்கொண்ட ஓர் ஊர் இருந்தது. 1962-இல் கனடியக் குடியுரிமை பெற்றார்.

ஆட்டத்தை விட்ட பிறகும் பள்ளியை அவர் விடவில்லை. போனி டூன் உயர்நிலைப்பள்ளியில் மாணவர்களுக்குப் பயிற்சியாளராக இருந்தார். படிப்படியாக உயர்ந்து டி.எஸ். மெக்கென்சி, ஹில்கிரஸ்ட் ஆகிய இரண்டு இடைநிலைப்பள்ளிகளில் தலைமையாசிரியராகப் பணியாற்றினார். கனடியக் கால்பந்தில் 13 பருவங்கள் ஆடியவர், பள்ளிப் பணியில் செலவிட்டது 26 ஆண்டுகள். கணக்கு போட்டுப் பார்த்தால், அவர் விளையாட்டு வீரராக வாழ்ந்த காலம் ஆசிரியராக வாழ்ந்த காலத்தில் பாதிதான்.

பயிற்சி ஆசிரியராக ஒரு பள்ளிக்குப் போகவிருக்கும் எனக்கு இந்தக் கணக்கு முக்கியமாகப் படுகிறது. நம் வீடுகளில் விளையாட்டில் திறமை உள்ள பிள்ளையிடம் சொல்லப்படுவது பெரும்பாலும் ஒன்றுதான்: மூன்றாம் படிவம் வரை ஆடு, எஸ்.பி.எம். வந்தால் நிறுத்திவிடு. சில விளையாட்டுப் பயிற்சியாளர்கள் சொல்வது இதற்கு நேர் எதிர்: படிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் மாணவனிடம் ஒன்றை வெட்டிவிடச் சொல்கின்றன. பிரைட் ஒன்றையும் வெட்டவில்லை. ஓட்டப்பந்தய உபகாரச் சம்பளத்தில் படித்தார். படித்த பட்டத்தால் ஆசிரியரானார். ஆசிரியர் வேலை இருந்ததால் அமெரிக்க அணிகளின் அழைப்பை மறுக்கும் சுதந்திரம் அவருக்குக் கிடைத்தது. பட்டம் என்பது தோற்றால் பிடித்துக்கொள்ளும் கயிறு மட்டுமல்ல. வேண்டாததை வேண்டாம் என்று சொல்லும் வலிமையும்கூட.

தாமதமாக வந்த கடிதம்

கால்பந்து அவருடைய முழங்காலில் ஒரு காயத்தை விட்டுச் சென்றிருந்தது. 1983 டிசம்பர் 14-ஆம் நாள், அதைச் சரிசெய்வதற்கான அறுவை சிகிச்சை எட்மண்டனில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்தது. சிகிச்சையின்போதே மாரடைப்பு ஏற்பட்டு அவர் காலமானார். வயது 53. மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் விட்டுச் சென்றார். எட்மண்டனிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கனடியக் கால்பந்துப் புகழ் மண்டபத்தில் அவர் 1970-லேயே இடம்பெற்றுவிட்டார். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்தது 1984-இல், அவர் மறைந்த பிறகு. டிரேக் பல்கலைக்கழகம் அவர் அணிந்த 43-ஆம் எண்ணை வேறு எந்தக் கால்பந்து வீரருக்கும் தருவதில்லை. 2021-இல் தனக்குள் தொடங்கிய ஈராண்டுக் கல்லூரிக்கு ஜான் டீ பிரைட் கல்லூரி என்று பெயரும் வைத்தது.

ஓக்லஹோமா ஏ அண்டு எம் கல்லூரி இப்போது ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. 2005 செப்டம்பர் 28-ஆம் நாள் அதன் தலைவர் டேவிட் ஷ்மிட்லி, டிரேக் பல்கலைக்கழகத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். 1951-இல் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்ட கடிதம் அது. அடி விழுந்து 54 ஆண்டுகள். அடி வாங்கியவர் மறைந்து 22 ஆண்டுகள். ஒருபோதும் கேட்காமல் இருப்பதற்கு, தாமதமாகவாவது கேட்பது மேல்தான். என்றாலும், அந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டியவர் உயிரோடு இல்லை என்பது மனத்தை உறுத்துகிறது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

அடித்தாலும் பொறுத்துக்கொண்டு சாதித்துக் காட்டு என்று இளைஞர்களுக்கு அறிவுரை சொல்ல இந்த வாழ்க்கையை யாராவது பயன்படுத்தினால், அது பாதி உண்மைதான். பிரைட் சாதித்தார், சந்தேகமில்லை. ஆனால் அவர் பொறுத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ளவில்லை. நடந்தது என்ன, ஏன் நடந்தது என்பதை மழுப்பாமல் சொன்னார். சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்த்தார். கசப்பைச் சுமந்து திரிந்து வாழ்நாளை அந்த ஒரு நாளுக்கு அவர் அடகு வைக்கவில்லை.

இன்னொன்று, அவர் தனியாள் இல்லை. கேமராவைச் சரியான இடத்தில் திருப்பி வைத்த இரண்டு புகைப்படக் கலைஞர்கள் இருந்தார்கள். இருபது ஆண்டு இழப்பை ஏற்றுக்கொண்ட ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. தனக்குச் சம்பந்தமில்லாத சண்டையில் துணை நின்ற இன்னொரு பல்கலைக்கழகமும் இருந்தது. அநீதிக்கு ஆளானவரிடம் மட்டுமே துணிவை எதிர்பார்ப்பது நியாயமில்லை. சுற்றியிருப்பவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

நண்பர்களே, நம்மில் எல்லாராலும் பிரைட்டைப்போல் 10,909 கஜம் ஓட முடியாது. நம் அணியிலோ வகுப்பிலோ ஒருவர் நிறத்தாலோ இனத்தாலோ ஒதுக்கப்படும்போது, அங்கே நடந்ததை நடந்தபடி எடுத்துச் சொல்லும் ஒரு சாட்சியாக இருக்க எல்லாராலும் முடியும். அதற்கு வேகமான கால்கள் தேவையில்லை.